நெறி ஏன் கட்டுது? நம்ம வெள்ளை அணுக்கள் பேசுறதைக் கேட்ட கதை

கால்ல முள் குத்தி, அது சீழ் வச்சு, ரெண்டு நாள் கழிச்சு தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கும். புண் பாதத்துல, வீக்கம் தொடையில. நம்ம பாட்டிகளுக்கு இது நல்லாவே தெரியும். பிள்ளைக்கு நெறி கட்டியிருந்தா முதல்ல பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாங்க.

ஆனா ஏன் அங்க கட்டுது? பாதத்துல நடக்கிற சண்டை தொடைக்கு எப்படித் தெரிஞ்சுது? யார் போய்ச் சொன்னாங்க?

மருத்துவ உலகத்துக்கு இதுக்கு உருப்படியான பதில் கிடைக்க 1970கள் தாண்ட வேண்டியிருந்தது. அந்தப் பதிலைத் தேடினவங்க கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு சோகத்தைச் சொல்லிடறேன். தெரியாத உறுப்பை வச்சு மருத்துவர்கள் என்ன பண்ணினாங்கங்கறது முக்கியம்.

நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்கு மேல, தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு. குழந்தைகளுக்குப் பெரிசா இருக்கும், வயசாக ஆகச் சுருங்கிடும். எதுக்கு இருக்குன்னு யாருக்கும் தெரியல. அந்தக் காலத்துல உடற்கூறு படிக்க மருத்துவக் கல்லூரிக்கு வந்த உடல்களில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை. பட்டினியிலும் நீண்ட நோயிலும் தைமஸ் சுருங்கிப் போகும். அந்தச் சுருங்கின அளவுதான் "நார்மல்" என்று புத்தகத்தில் ஏறியது.

அப்புறம் நல்ல ஆரோக்கியமா இருந்து திடீர்னு தூக்கத்தில் இறந்த குழந்தைகளைப் பரிசோதிச்சப்போ தைமஸ் "ரொம்பப் பெரிசா" தெரிஞ்சுது. இது மூச்சுக்குழாயை அமுக்கித்தான் குழந்தை செத்திருக்கணும்னு முடிவு பண்ணி, அதுக்கு ஒரு லத்தீன் பேரும் வச்சாங்க. 1900களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நல்ல குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி அந்தச் சுரப்பியைச் சுருக்கினாங்க. தைமஸுக்குப் பக்கத்திலேயே தைராய்டு. 1950-ல் நியூயார்க் மருத்துவர்கள், தைராய்டு புற்றுநோயோட வந்த பிள்ளைகளில் பலர் கைக்குழந்தையா இருந்தப்போ இந்தக் கதிர் வாங்கினவங்கன்னு கவனிச்சாங்க.

இல்லாத நோய்க்கு வைத்தியம். அதுல வந்தது நிஜமான புற்றுநோய்.

இனி கோழிக்கு வருவோம். ஆமா, கோழி.

கோழியின் ஆசனவாய்க்கு மேல ஒரு சின்னப் பை இருக்கு. இத்தாலியின் பாதுவா நகரத்தில் உடற்கூறு சொல்லிக்கொடுத்த ஃபாப்ரீசியஸ் என்பவர் அதை முதன்முதலில் விவரிச்சதால அதுக்கு 'ஃபாப்ரீசியஸின் பை' (லத்தீனில் 'பர்ஸா') என்று பெயர். ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடிச்ச வில்லியம் ஹார்வியின் ஆசிரியர் இவர். பேர் வச்சு முன்னூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தப் பை எதுக்குன்னு தெரியாது.

1950களின் தொடக்கத்தில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், பேராசிரியர் ஒரு வாத்தை அறுக்கும்போது பக்கத்தில் நின்னு "இது என்ன?"ன்னு கேட்டார். பேர் சொன்னார் பேராசிரியர். "இது என்ன வேலை பண்ணும்?" "நல்ல கேள்வி. நீயே கண்டுபிடி."

கிளிக் கோழிக்குஞ்சுகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். ஒண்ணும் ஆகல. கோழிகள் நல்லாத்தான் வளர்ந்தன. விட்டுட்டார்.

அதே துறையில் இருந்த இன்னொரு மாணவர் திமோத்தி சாங். வகுப்பில் பாடம் காட்ட அவருக்குக் கொஞ்சம் கோழி தேவைப்பட்டது. சால்மோனெல்லா கிருமியை ஊசியில் போட்டா கோழியோட ரத்தத்தில் ஆன்டிபாடி எப்படி உருவாகுதுன்னு காட்டணும், ரொம்பச் சாதாரணமான செய்முறை. கிளிக்கிட்ட மிச்சமிருந்த கோழிகளை வாங்கிட்டுப் போனார். ஊசி போட்டார். பல கோழிகளில் ஆன்டிபாடியே வரல. சாங் குழம்பிப் போய் கிளிக்கிட்ட வந்து கேட்டார். பதிவேட்டைப் புரட்டினா, ஆன்டிபாடி வராத கோழி எல்லாம் பை எடுத்த கோழி.

ஆக, ஆன்டிபாடி செய்யற செல்கள் அந்தப் பையில்தான் தயாராகுது. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! உலகப் புகழ் பெற்ற 'சயன்ஸ்' இதழுக்கு அனுப்பினாங்க. திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில் 1956-ல் 'பவுல்ட்ரி சயன்ஸ்' என்ற கோழி வளர்ப்பு ஆராய்ச்சி இதழில் வந்தது. மனுஷ நோய்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க யார் அதைப் படிப்பாங்க? பல வருஷம் யாரும் கண்டுக்கல.

இதே நேரத்தில் லண்டனில் ழாக் மில்லர் என்ற இளம் மருத்துவர் எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் புற்றுநோய் தைமஸில்தான் ஆரம்பிக்கும். அதனால பிறந்த உடனே எலிக்குட்டியின் தைமஸை எடுத்துப் பார்த்தார். பிறந்த எலிக்குட்டி எவ்வளவு இருக்கும்னு யோசிச்சுக்குங்க. நம்ம சுண்டுவிரல் நுனி அளவு. அதுல நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்.

எலிகள் பிழைச்சு, பால் குடி மறந்த பிறகு ஒவ்வொண்ணா மெலிஞ்சு செத்தன. புற்றுநோயால இல்ல, தொற்றால. ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைவு. வேற வம்ச எலியின் தோலை ஒட்டினா அதை உடம்பு தள்ளிவிடணும், இந்த எலிகள் தள்ளல. 1961-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்: நோய் எதிர்ப்புக்கு தைமஸ் அத்தியாவசியம்.

இதுக்கு முன்னாடியும் சிலர் தைமஸை எடுத்துப் பார்த்திருக்காங்களே, அவங்களுக்கு ஏன் தெரியல? அவங்க எடுத்தது வளர்ந்த பிராணிகளில். அதுக்குள்ள தைமஸ் தன் படையை ஊரெல்லாம் அனுப்பி வச்சாச்சு. பயிற்சி முகாமை மூடினாலும் ஏற்கனவே எல்லைக்குப் போன சிப்பாய் அங்கதானே இருப்பான்?

மில்லரை உடனே நம்பல யாரும். தைமஸில் லிம்போசைட்டுகள் இருப்பது பரிணாமத்தில் தற்செயலா நடந்த ஒரு விஷயம், பெரிசா எடுத்துக்க வேண்டாம்னு நோபல் பரிசு வாங்கின பீட்டர் மெடாவரே எழுதினார். பெரியவங்க சொன்னா கொஞ்ச நாள் அதுதான் சட்டம், எல்லா ஊர்லயும்.

1965-ல் மின்னசோட்டாவில் மேக்ஸ் கூப்பர் கோழிகளை வச்சு ரெண்டையும் பிரிச்சுக் காட்டினார். பை வழி வரும் செல்கள் ஆன்டிபாடிக்கு. தைமஸ் வழி வரும் செல்கள் வேற வேலைக்கு. சரி, ரெண்டு படை. இதோட கதை முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க.

முடியல. ஏன்னா தைமஸ் இல்லாத எலி ஆன்டிபாடியும் சரியா செய்யல. தைமஸ் செல் ஆன்டிபாடி செய்யாதுன்னா, அது இல்லாம இருந்தா ஆன்டிபாடி ஏன் குறையணும்?

1966-ல் டென்வரில் ஹென்றி கிளாமன் குழு ஒரு எளிமையான சோதனை பண்ணாங்க. எலிக்குக் கதிர் கொடுத்து அதோட சொந்த எதிர்ப்பு செல்களை அழிச்சுட்டு, ஒரு எலிக்கு தைமஸ் செல் மட்டும், இன்னொண்ணுக்கு எலும்பு மஜ்ஜை செல் மட்டும், மூணாவதுக்கு ரெண்டையும் கலந்து. தனித்தனியா கொடுத்ததில் ஆன்டிபாடி சொற்பம். கலந்து கொடுத்ததில் ரெண்டையும் கூட்டினதைவிட எவ்வளவோ அதிகம்!

அப்போ எது செய்யுது, எது தூண்டுது? அப்போதைக்கு ஆஸ்திரேலியாவுக்கே திரும்பியிருந்த மில்லர், தன் மாணவர் கிரஹாம் மிட்செலோட சேர்ந்து 1968-ல் மெல்போர்னில் அதையும் பிரிச்சார். வெவ்வேறு வம்ச எலிகளின் செல்களைக் கொடுத்து, ஆன்டிபாடி செய்யற செல் எந்த வம்சம்னு பார்த்தாங்க. எல்லாம் மஜ்ஜையிலிருந்து வந்தது. தைமஸ் செல் ஒரு துளி ஆன்டிபாடியும் செய்யல. ஆனா அது பக்கத்தில் இருந்து "செய்" என்று சொல்லாம மஜ்ஜை செல் வேலையைத் தொடங்கல.

என்னைக் கேட்டா, நோய் எதிர்ப்பு அறிவியலே இங்கதான் தலைகீழா மாறினது. அதுவரை ஒவ்வொரு வெள்ளை அணுவும் கிருமியைப் பார்த்தா தானா பாயும்னு நினைச்சிருந்தாங்க. இப்போ தெரிஞ்சது: ஒரு செல் இன்னொரு செல்லோட அனுமதிக்காகக் காத்திருக்கு.

தைமஸ் வழி வருவது டி செல், கோழியின் பர்ஸா வழி வருவது பி செல்னு பேர் வந்தது. நமக்கு அந்தப் பை கிடையாது, நம்ம பி செல் எலும்பு மஜ்ஜையிலேயே தயாராகுது. ஆங்கிலத்தில் அதுக்கும் முதல் எழுத்து பி, நல்லவேளை. இந்த ரெண்டு வகைப் பிரிப்பு பிடிக்காத ஒரு விஞ்ஞானி கருத்தரங்கில் எழுந்து, பி-யும் டி-யும் ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தையோட முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்னு நக்கல் அடிச்சாராம். எந்த வார்த்தைன்னு நீங்களே கண்டுபிடிச்சுக்குங்க. மில்லருக்கும் கூப்பருக்கும் 2019-ல் லாஸ்கர் விருது கிடைச்சது. அரை நூற்றாண்டு லேட்.

சரி, பேசுதுன்னு தெரிஞ்சுது. எந்த மொழியில?

இதுக்கு ஒரு வார்த்தை 1957-லேயே கிடைச்சிருந்தது. லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லின்டன்மான். சூட்டில் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸை கோழிமுட்டைச் சவ்வுத் துண்டுகளோட ஊற வச்சாங்க. அப்புறம் அந்தத் திரவத்தை மட்டும் புதுச் சவ்வில் ஊத்தினாங்க. உயிருள்ள வைரஸ் அந்தப் புதுச் சவ்வில் வளர முடியல. வைரஸைப் பார்த்த செல், "திருடன் வந்துட்டான், கதவைப் பூட்டு"ன்னு பக்கத்து வீட்டுக்கு ஏதோ ஒரு பொருள் மூலமா சொல்லியிருக்கு. அந்தப் பொருளுக்கு இன்டர்ஃபெரான்னு பேர் வச்சாங்க.

கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் கிடைச்சது, அதனால அது நிஜமா இருக்கான்னே சந்தேகம். 'இமேஜினான்'னு கேலி பண்ணாங்க, அதாவது கற்பனைப் பொருள். ஐசக்ஸ் 1967-ல் 45 வயசுல இறந்துட்டார். அப்புறம் ஃபின்லாந்தில் கரி கான்டெல், ரத்ததானத்தில் வந்த ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலிருந்து வருஷக்கணக்கா உட்கார்ந்து அதைப் பிரிச்சு எடுத்தார். 1980-ல் 'டைம்' பத்திரிகை அட்டைப்படத்தில் புற்றுநோய்க்கு மருந்துன்னு வந்தது. அந்த அளவுக்கு இல்லைன்னு பின்னாடி தெரிஞ்சுது, ஆனா சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் கல்லீரல் அழற்சிக்கும் பயன்பட்டது.

இன்டர்ஃபெரான் ஊசி போட்ட ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளைப் பார்த்த டாக்டர்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட வலி. ஃப்ளூ வந்த மாதிரியே இருக்கும், ஆனா உடம்பில் ஃப்ளூ வைரஸ் ஒண்ணுகூடக் கிடையாது. நாம "வைரஸ் காய்ச்சல்"னு படுக்கிற அவஸ்தையில் பெரும்பங்கு வைரஸ் செய்யறது இல்ல. நம்ம செல்கள் ஒண்ணையொண்ணு கூப்பிடற சத்தம்.

அடுத்தடுத்து இப்படிப் பல பொருட்கள் கிடைச்சன. ஒரே பொருளுக்கு ஒவ்வொரு ஆய்வகமும் ஒரு பேர் வச்சு யார் என்ன சொல்றாங்கன்னே புரியாம போச்சு. 1979-ல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கென்னில் கூடி இன்டர்லூகின்னு பொதுப்பேர் வச்சாங்க. வெள்ளை அணுக்களுக்கு இடையில் போறதுன்னு அர்த்தம். 1, 2ன்னு நம்பர். இன்னைக்கு முப்பதைத் தாண்டிடுச்சு.

இதெல்லாம் ஆய்வக விளையாட்டுன்னு நினைச்சவங்களுக்கு 1981-ல் பதில் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இளைஞர்கள் சாதாரணமா யாருக்கும் வராத ஒரு நிமோனியாவில் செத்தாங்க. எல்லாருக்கும் ஒரே வகை செல் குறைவு: உதவி டி செல். 1968-ல் மில்லர் எலியில் பார்த்த அதே "செய்" என்று சொல்கிற செல்.

எச்.ஐ.வி. குறிவைக்கிறது முக்கியமா அதைத்தான். ஆன்டிபாடி செய்யற பி செல் இருக்கு. கொல்லும் டி செல்லும் இருக்கு. ஆனா உத்தரவு கொடுக்க ஆள் இல்ல. சாதாரணமா ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஐநூறுக்கு மேல இருக்கிற அந்த செல் 200-க்குக் கீழ போனா எய்ட்ஸ் என்கிறோம்.

1983-ல் பாரிஸில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்தான்யே குழு இந்த வைரஸைப் பிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோயாளியின் நெறிக்கட்டியிலிருந்து செல்களை எடுத்தாங்க. அவை உயிரோட வளர இன்டர்லூகின் 2 ஊத்தினாங்க. கூடவே இன்டர்ஃபெரானை அடக்கும் ஆன்டிபாடியும் சேர்த்தாங்க, இல்லாட்டி செல்கள் ஒண்ணையொண்ணு எச்சரிச்சு வைரஸை வளர விடாது. ஒரு பேச்சை ஏத்தி, இன்னொரு பேச்சை அமுக்கி, நடுவுல வைரஸைப் பிடிச்சாங்க.

மூணு வருஷம் கழிச்சு, 1986-ல் நம்ம சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரிச்சு, பரிசோதனைக்கு வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துட்டுப் போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. எல்லாம் வராதுன்னு பலரும் நம்பின காலம். ஆறு பேருக்கு பாசிட்டிவ். நாட்டின் முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிப்பு அது.

இப்போ நெறிக்கு வருவோம். பாதத்துச் செய்தியைத் தொடைக்குக் கொண்டுபோனது யார்?

1973-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், எலியின் மண்ணீரலில் ஒரு விசித்திர செல்லைப் பார்த்தார். மரக்கிளை மாதிரி கை நீட்டிக்கிட்டே இருக்கும். கிரேக்கத்தில் மரத்துக்கு டென்ட்ரான், அதனால டென்ட்ரிடிக் செல். மண்ணீரலில் நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். டி செல்லைத் தட்டி எழுப்பறதுல மத்த செல்களைவிடக் குறைந்தது நூறு மடங்கு வலுன்னு அவர் சொன்னப்போ பலரும் நம்பல. பல வருஷம் தனியாத்தான் வாதாடினார்.

தோலுக்கு அடியில் இந்த செல் காவல் இருக்கு. முள்ளோட வந்த கிருமியை விழுங்கி, துண்டு பண்ணி, அந்தத் துண்டை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிணநீர்க் குழாய் வழியா தொடையிடுக்கு நெறிக்கு நடந்து போகும். அங்க ஆயிரக்கணக்கான டி செல்கள் வந்து பார்த்துட்டுப் போகும். ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும். பொருந்தினது நின்னு, பெருகும். பக்கத்துல பி செல்லும் பெருகும். அந்தப் பெருக்கம்தான் நீங்க தடவிப் பார்க்கிற கட்டி.

இங்க ஒரு பாதுகாப்பு இருக்கு. துண்டு பொருந்தினா மட்டும் போதாது. டென்ட்ரிடிக் செல், "ஆமா, இது நிஜமான ஆபத்துதான்"ன்னு இன்னொரு சிக்னலும் தரணும். அதை வாங்கும் பொத்தான் டி செல் மேல சிடி28. முதல் சிக்னல் பாஸ்வேர்டுன்னா ரெண்டாவது ஓடிபி. ஓடிபி வரலைன்னா டி செல் அடங்கி உட்கார்ந்துடும். நம்ம உடம்பையே நாம தாக்காம இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டைன்மனுக்கு 2007-ல் கணையப் புற்றுநோய். தான் கண்டுபிடிச்ச செல்லையே வச்சுத் தனக்குத் தடுப்பூசி செய்து போட்டுக்கிட்டார். நாலரை வருஷம் இருந்தார், அந்த நோய்க்கு அது அதிகம். அந்த ஊசியாலதான்னு ஒருத்தரை வச்சு முடிவு சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 30-ல் இறந்தார். மூணு நாள் கழிச்சு நோபல் குழு, அவர் இறந்தது தெரியாமலே, அவர் பெயரை அறிவிச்சது. இறந்தவங்களுக்குப் பரிசு கிடையாதுங்கறது விதி. ஆனா உயிரோட இருக்கார்னு நம்பி எடுத்த முடிவு, அதனால செல்லும்னுட்டாங்க.

இனி அந்த ஓடிபி பொத்தான்.

2006 மார்ச் 13, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். ஒரு ஜெர்மன் கம்பெனியின் புது மருந்து டிஜிஎன்1412, முதன்முதலா மனுஷங்களுக்கு. சிடி28 பொத்தானைத் தானே அழுத்தும் ஆன்டிபாடி. பாஸ்வேர்டே இல்லாம டி செல்லை எழுப்பிடும். அடக்கி வைக்கும் வகை டி செல்கள் பெருகும், மூட்டுவாதத்துக்கு உதவும்னு எதிர்பார்ப்பு. குரங்குகளுக்கு ஒண்ணும் ஆகல. அதில் பாதுகாப்பா இருந்த அளவில் ஐநூறில் ஒரு பங்குதான் மனுஷனுக்கு.

எட்டு பேர், எல்லாரும் திடகாத்திரமான இளைஞர்கள். ரெண்டு பேருக்கு வெறும் திரவம். ஆறு பேருக்கு மருந்து, ஏறத்தாழ பத்து நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருத்தரா. முதல் ஆளுக்குத் தலைவலியும் நடுக்கமும் தொடங்கும்போது கடைசி ஆளுக்கும் ஊசி போட்டாச்சு. உடம்பிலிருந்த டி செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிச்ச மாதிரி. ரத்த அழுத்தம் விழுந்து, நுரையீரல், சிறுநீரகம் செயலிழந்து ஆறு பேரும் ஐசியுவில். எல்லாரும் பிழைச்சாங்க. ஒருத்தர் கால் விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

குரங்குக்கு ஏன் ஆகல? பின்னாடிதான் தெரிஞ்சுது. சோதனைக்கு எடுத்த குரங்குகளில், அனுபவப்பட்ட ஒரு வகை டி செல் மேல அந்தப் பொத்தானே கிடையாது. மனுஷனுக்கு உண்டு. இப்போ முதல் ஆளுக்குப் போட்டுட்டுக் காத்திருந்து பார்த்துதான் அடுத்தவருக்கு.

"இம்யூனிட்டியை ஏத்தும்"னு பாட்டில்ல விக்கிற எதையும் பார்த்தா எனக்கு இந்த ஆறு பேர் ஞாபகம்தான் வரும். பாட்டில்ல இருக்கிறதுல பெரும்பாலானவை எதையும் ஏத்தாது, அது வேற விஷயம். ஏத்தினா என்ன ஆகும்னு அன்னைக்கு லண்டனில் பார்த்தாச்சு.

கோவிட்டில் நாம எல்லாருமே பார்த்தோம். முதல் வாரம் வைரஸ் பெருகும், அப்போ இந்தப் பேச்சு வேணும். ரெண்டாவது வாரம் சிலருக்கு வைரஸ் குறைஞ்ச பிறகும் பேச்சு நிக்காம நுரையீரலைக் கெடுக்கும். 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவங்களின் மரணத்தை மூணில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவங்களுக்கு அஞ்சில் ஒரு பங்கும் குறைச்சதுன்னு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பலன் இல்ல. அந்தக் கடைசி வரி மட்டும் வாட்ஸ்ஆப்பில் வரல. 2021-ல் காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு போட்டு, சர்க்கரை ஏறி, கருப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தவங்க எத்தனையோ பேர்.

அதே ஆய்வு 2021 பிப்ரவரியில் இன்னொரு மருந்தையும் சொன்னது. ஆக்சிஜன் குறைஞ்சு, ரத்தத்தில் அழற்சி ஏறினவங்களுக்கு டோசிலிசுமாப் கொடுத்தா நூத்துக்கு நாலு பேர் கூடுதலா பிழைச்சாங்க. இன்டர்லூகின் 6-இன் பேச்சைக் காதில் விழாம அடைக்கும் மருந்து. அந்த இன்டர்லூகின் 6-இன் மரபணுவை 1986-ல் பிரிச்செடுத்தது ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோவும் ஹிரானோவும். அவங்க தேடினது வேற எதையும் இல்ல. "ஆன்டிபாடி செய்"னு பி செல்லுக்கு டி செல் எந்த வார்த்தையில் சொல்லுதுங்கறதைத்தான். மில்லரின் எலிகள் விட்டுப்போன கேள்வி.

2021 மே மாசம் நம்ம ஊர்ல கைல டாக்டர் சீட்டோட, ஒரு மருந்துக்கடையிலிருந்து இன்னொரு மருந்துக்கடைக்கு, சொன்ன விலைக்கு வாங்கிக்கிறோம்னு ராத்திரி முழுக்க ஜனங்க அலைஞ்சாங்களே, அதில் பல சீட்டுகளில் இருந்தது இந்த மருந்துதான்.